தவமணியின் புருஷன் செத்த கதை

ஏஞ்சலினுக்கு இன்னும் ஒரே ஒரு கதைதான் தேவைப்பட்டது. பத்தொன்பது அகதிகளின் வாழ்க்கைக் கதை கையில் இருந்தது. இருபது சேர்ந்தால்தான் புத்தகம் என்று அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் படிக்கிறவர்கள் கண் கலங்க வேண்டுமாம். சாதாரணக் கஷ்டமெல்லாம் அவர்களுக்குக் காணாது.

கும்மிடிப்பூண்டி முகாமில் குணமலர் என்று ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தாள். சண்டைக்குத் தப்பி இலங்கையிலிருந்து வரும்போது படகு கவிழ்ந்து, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கடலில் பறிகொடுத்தவள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

தட்டப் போனவளைப் பக்கத்து வீட்டுத் தவமணி தடுத்தாள்.

"அவ வேலைக்குப் போயிட்டா, தங்கச்சி. என்ர மனுசனும் அந்தப் படகிலதான் போனவர். என்னைக் கேளுங்கோ."

ஏஞ்சலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செல்போனை ஸ்டாண்டில் மாட்டினாள்.

தவமணி நன்றாகவே சொன்னாள். அலை வந்தது, கயிறு அறுந்தது, அவர் போட்டிருந்த பச்சைச் சட்டை கடைசியாக ஒரு தரம் தெரிந்தது, எல்லாம் சொன்னாள். கடைசியாக என்ன பேசினார் என்று ஏஞ்சலின் கேட்டாள். தவமணி கொஞ்சம் யோசித்துவிட்டு, பிள்ளைகளைப் பிடி என்றார் என்றாள்.

ஏஞ்சலினுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இருபதும் முடிந்தது என்ற நிம்மதியும் கூடவே வந்தது. புடவையும் எவர்சில்வர் டப்பாவும் வைத்த பையை மரியாதையோடு நீட்டினாள்.

அந்நேரம் பார்த்து இரும்புக் கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். செல்போன் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"இண்டைக்கு என்னை எப்பிடிச் சாக்காட்டினீர்?"

"கடல்ல," என்றாள் தவமணி.

"போன முறை ஷெல்லடி," என்று சொல்லிவிட்டு, அவர் கை கால் கழுவப் போய்விட்டார்.

ஏஞ்சலினுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. நாகரிகமாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் மறந்து, பிறந்து வளர்ந்த அத்திப்பட்டுப் பேச்சுக்கே மாறிவிட்டாள்.

"இன்னாக்கா இது? ஆளு முழுசா வந்து நிக்கிறாரு. ஒரு பொடவைக்காக கட்டுன புருசனையே சாவடிப்பியா? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் நெஜமா கஷ்டப்பட்டவங்களையும் எவனும் நம்ப மாட்றான்."

"மெல்லக் கதையுங்கோ. தகரச் சுவர். குணமலர் உள்ளுக்குத்தான் இருக்கிறா."

"உள்ளயா? அதுலயும் பொய்யா? நான் அவங்களயே கேட்டுக்கறேன்."

செல்போனைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியவளை, வாசலில் குறுக்கே நின்று மறித்தாள் தவமணி. கோபப்படவில்லை. பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"முதல் வந்த புத்தகக்காரருக்கு அவதான் சொன்னவ. பிறகு பதினொரு நாள் சோறு தொடேல்லை. ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் காப்பாத்தினாங்கள். அதுக்குப் பிறகு வாறவைக்கு எல்லாம் நான்தான் சொல்லுறன். என்ர மனுசன் உயிரோட இருக்கிறார், தங்கச்சி. அவர் எத்தனை தரமும் சாகலாம்."