அக்கரையில் வாங்கிய கூடு

ஆற்றின் இரு கரைகளிலும் தூக்கணாங்குருவி கூடு பின்னி விற்றுவந்தது. அக்கரையில் விளைச்சல் குறைந்து பறவைகள் வறுமையில் இருந்ததால் அங்கே விலையும் குறைவு. காகம் அங்கே ஒரு கூட்டை வாங்கி, இக்கரைக்குக் கொண்டுவந்து, முட்டையிடக் காத்திருந்த சில்லைக்குருவிக்கு விற்றது.

தூக்கணாங்குருவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது அக்கரைக்காகப் பின்னியது. என்னைக் கேட்காமல் இங்கே எப்படி விற்கலாம்?" என்று வழக்குக்குப் போனது.

ஆமையும் கொக்கும்தான் நீதிபதிகள்.

"விற்ற பிறகு கூடு வாங்கியவருக்குச் சொந்தம். அவர் யாருக்கும் விற்கலாம்" என்றது ஆமை.

"அந்த விதி இக்கரையில் விற்ற கூட்டுக்குத்தான்" என்றது கொக்கு.

பகல் முழுக்கப் பேசியும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. தீர்ப்பு வரும்வரை கூட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டன.

சில்லை வேறு வழியில்லாமல் ஒரு கிளையிடுக்கில் புல்லைப் பரப்பி முட்டையிட்டது. அன்று மாலை வானம் கறுத்தது. முட்டைகளோடு கூட்டுக்குள் போய் இருந்துகொள் என்று சில்லையிடம் சொல்லிவிடலாமா என்று தூக்கணாங்குருவி நினைத்தது. சொன்னால் வழக்கில் தோற்றுவிடுவோமே என்று பேசாமல் இருந்துவிட்டது.

மழை விட்டதும் அது பறந்து வந்தது. கிளையிடுக்கில் ஒன்றும் மிச்சமில்லை.

"வழக்கை விட்டுவிட்டேன் தங்கச்சி. கூடு உனக்குத்தான்" என்றது.

"இனி அதில் எதை வைப்பேன் அண்ணே?" என்று கேட்டது சில்லை.

ஆற்றோரத்தில் ஆமையும் கொக்கும் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தன.