இடது பக்கம், பின்னால்

நெட்டையன் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்ததும், பெஞ்சில் இருந்த வெடி குனிந்து பூட்ஸ் நாடாவை இறுக்கினான்.

அடுத்தவன் விழுந்ததில் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் வந்துவிட்டதே, என்ன செய்ய?

வெடி என்பது உடன் ஆடுகிறவர்கள் வைத்த பெயர். சின்ன வயதில் அவன் உதைத்த பந்து வலையில் போய் மோதும் வேகத்தைப் பார்த்து வைத்தது. இப்போதெல்லாம் உடை மாற்றும் அறையில் அதையே 'நமத்துப்போன வெடி' என்று நீட்டிச் சொல்கிறார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான்.

கோல் போடுகிறவனை மட்டும் கடல் தாண்டிப் போய்க் கூட்டிவர வேண்டும் என்று இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. எந்தக் கிளப்புக்குப் போனாலும் முன்வரிசையின் நடுவில் ஒரு வெளிநாட்டுக்காரன் காலை அகட்டி நின்றுகொண்டிருப்பான். உள்ளூர்க்காரன் ஓரமாய் ஓடி, பந்தை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெடியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஓரத்திலிருந்து தடுப்பு வரிசைக்கு. அங்கிருந்து பெஞ்சுக்கு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

இந்தக் கிளப்பில் அந்த வெளிநாட்டுக்காரன் நெட்டையன்தான். அவனை வெறுத்தாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால், அந்தப் பாவி தங்கமான மனுஷன். வெடியின் மகளுக்குப் பிறந்தநாள் என்றால் முதல் ஆளாய் வந்து நிற்பான்.

இன்றைக்கு மேலே, கண்ணாடி போட்ட அறையில், தேசிய அணியின் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். கோல் அடிக்க ஆள் தேடி ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர். முப்பதைத் தாண்டிவிட்ட வெடிக்கு இன்னொரு தரம் அவர் கண்ணில் படும் கொடுப்பினை இருக்கப்போவதில்லை. இன்றைக்கும் பெஞ்சைத்தான் தேய்க்கப்போகிறீர்கள் என்றால் நான் லீவு போட மாட்டேன் என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, லீவும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

கிளப் கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். வெடி அதற்குள் எழுந்து நின்றிருந்தான்.

“இடது பக்கம் பின்னாடி நில்லு. ஒரு கோல் முன்னாடி இருக்கோம், அது போதும். நடுக்கோட்டத் தாண்டுன, அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காத.”

அப்படியானால் முன்னால் யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. முன்னால் ஆளே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார் மனுஷர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

வெடி போய் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தன் பக்கம் வந்த பந்தையெல்லாம் எரிச்சலில் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளினான்.

கடைசி நிமிடம். எதிரணிக்கு ஒரு கார்னர். எப்படியாவது சமன் செய்துவிட வேண்டும் என்று அவர்களுடைய கோல்கீப்பரும் தன் இடத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடிவந்துவிட்டான். பந்து தலைகளுக்கு மேலே பறந்து, யாரோ ஒருவன் தோளில் பட்டு, வெடியின் காலடியில் வந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தான். மைதானத்தின் அந்தக் கோடியில் கோல்போஸ்ட் கேட்பாரற்றுத் திறந்து கிடந்தது.

நான்தானே நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது? பந்து தாண்டலாமே!

வருஷக்கணக்கில் உள்ளே கிடந்து புழுங்கியதையெல்லாம் சேர்த்து ஓர் உதை விட்டான். காலில் பட்ட கணமே தெரிந்துவிட்டது, இது போய்ச் சேரும் என்று. பந்து எல்லோர் தலைக்கும் மேலே ஏறிப் போனது. நடுவட்டத்தைத் தாண்டி இறங்கி, குதித்து, கோலைப் பார்த்து நேராக உருண்டது.

அந்த நேரம் பார்த்து நடுவர் விசிலை ஊதினார். ஆட்டம் முடிந்தது.

பந்து உள்ளே போனது. வெடி கண்ணாரப் பார்த்தான். வேறு ஒருத்தனும் பார்க்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறி விழுந்துகொண்டிருந்தார்கள். அவன் நடுவரிடம் ஓடிப்போய்க் கையை நீட்டிக் காட்டினான். அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு நடையைக் கட்டினார். அடப் பாவி! ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு பொறுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வர, இடுப்பில் கை வைத்தபடி அங்கேயே நின்றான். தேசியப் பயிற்சியாளர் படியிறங்கி நேராக அவனிடம் வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை.

“கடைசி நேரத்துல எவ்ளோ பெரிய ஆபத்து! பதறாம பந்த அந்தக் கோடிக்கே துரத்தி விட்ட பாரு, அதான்ப்பா டிஃபெண்டர். அடுத்த வாரம் கேம்ப்புக்கு வந்துடு.”

நாட்டுக்காக ஆடுகிற சட்டை. இதற்காகத்தானே இத்தனை வருஷமும் காலைத் தேய்த்தது? சார், அது கோல் சார். சொல்லிவிடலாம். சொன்னால், பிடித்த கையை விட்டுவிடுவாரோ?

தோளில் தட்டிவிட்டு நகர்ந்தவர், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் திரும்பினார்.

“பின்னாடி கவல தீந்துச்சு. இனி கோல் அடிக்க ஒருத்தன் கெடைக்கணும், அதான் தலவலி. உனக்குத் தெரிஞ்சு அப்படி யாராச்சும் இருக்கானா?”

வெடி அந்தக் கோடி வலையில் கிடந்த பந்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

“எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல சார்” என்றான்.