கம்பெனி போன்

"அந்த ஒரு போன் கால் மட்டும் போதும் தம்பி. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

வினோதன் நாற்காலியை இழுத்துப் போட்டும் மோகனா உட்காரவில்லை.

பர்மா ரோட்டில் தண்ணீர் ஃபில்டர் விற்கும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர், ஹேண்ட்போன் எல்லாம் வினோதன் பொறுப்பு. இப்போது அவன் கையில் இருந்தது கோகுலனின் போன். கோகுலன் அங்கே சேல்ஸ்மேனாக இருந்தவன். போன மாதம் ஒரு மழை நாளில், ஹைவே ஓரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றவன் மேல் லோரி சறுக்கி வந்து மோதியது. மோகனா அவன் மனைவி.

"முடியாதுக்கா. உள்ள கஸ்டமர் அட்ரஸ், ஐசி கார்டு நம்பர் எல்லாம் இருக்கு. மொத்தமா அழிச்சிட்டு, புது ஆளுக்கு செட் பண்ணிக் குடுக்கணும். அதான் பாலிசி. போட்டோவெல்லாம் இந்த பென்டிரைவ்ல போட்டுட்டேன். எடுத்துக்குங்க."

மோகனா அதை வாங்கிக்கொண்டாள்.

"போட்டோ குடுக்கலாம், குரல் குடுக்கக் கூடாதா?"

"ரெக்கார்டிங் கம்பெனி சொத்துக்கா."

"கஸ்டமர் பேசினது எனக்கு எதுக்கு? எல்லா காலும் தானா ரெக்கார்ட் ஆகும்னு அவரே சொல்லியிருக்காரு. அன்னிக்குக் கடைசியா போன் அடிச்சது நான்தான். 'மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன், நீ பேசு மோனா'ன்னாரு. சின்னவ ஸ்கூல்ல பண்ண கூத்தைச் சொன்னேன். அப்படிச் சிரிச்சாரு."

வினோதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த நேரம் பார்த்து வாசல்ல பார்சல்காரன் வந்துட்டான். 'இருங்க, வாங்கிட்டு வர்றேன்'னு போனை சோபாவுல போட்டுட்டு ஓடினேன். அவன்கிட்ட கையெழுத்துப் போட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்து எடுத்தா, சத்தமே இல்ல. மழையில லைன் போயிடுச்சு போலன்னு வச்சிட்டேன். திரும்ப அடிச்சிருக்கலாம். அடிக்கல." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்தச் சிரிப்பு மட்டும் வேணும் தம்பி. சின்னவ தினமும் கேக்கிறா."

"சாரிக்கா."

அடுத்த மேசையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த தனலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"வினோ, ஒரு ஃபைலைக் காப்பி பண்ணிக் குடுத்தா என்ன கொறஞ்சிடும்? மத்தவங்களுக்கு நீ பண்ணதே இல்லையா?"

"இது பண்ண முடியாதுக்கா."

"சரி, உன்னால முடியாதுன்னா விடு. மோகனா, வாங்க. பாஸ் உள்ளதான் இருக்காரு. நேரா கேட்டுடலாம்லா. ஸ்ரீகரன் சார் நல்ல மனுசன், கண்டிப்பா குடுக்கச் சொல்லுவாரு."

மோகனாவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. இரண்டு பேரும் பாஸின் அறைப் பக்கம் திரும்பினார்கள்.

வினோதன் போனில் எதையோ அழுத்தினான். திரை ஒருமுறை கறுத்து, வெள்ளையானது.

தனலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். "என்ன பண்ணினே?"

"ரீசெட் போட்டுட்டேன். சர்வர்லேயும் அழிச்சாச்சு. இனி யார் சொன்னாலும் எடுக்க முடியாது."

மோகனா மெதுவாக மேசைக்குத் திரும்பி வந்தாள். அவள் கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

"நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அழிச்சிட்டியே தம்பி," என்றாள். "உனக்கு இப்படி ஒரு நாள் வரவே கூடாது. ஆனா, வந்தாதான் உனக்குப் புரியும்."

பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தனலெட்சுமி அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் படியிறங்கி ஓடினாள். திரும்பி வந்தபோது வினோதனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்னைப் பெத்தவங்க சோறு போட்டுத்தானே வளத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவுமில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடக் கிளம்பினார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட ஸ்ரீகரன், போகிற வழியில் அவன் தோளைத் தட்டினார். "கஷ்டமான விஷயம்தான். ஆனா செக்யூரிட்டின்னா இப்படித்தான் இருக்கணும்."

அந்தப் பாராட்டுதான் வினோதனுக்கு அதிகமாக வலித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு புது சேல்ஸ்மேன் சதாம் வந்து எதிரே உட்கார்ந்தான். வினோதன் அவன் கைரேகையைப் பதிந்தான். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதே என்றான். கஸ்டமர் பட்டியலையும் மேப்பையும் ஏற்றிக் கொடுத்தான்.

"பேசுறது எல்லாமே இதுல ரெக்கார்ட் ஆகுமாண்ணே?"

"ஆகும்."

"வீட்டுக்குப் பேசுறதுமா?"

"வீட்டுக்குப் பேச உன் சொந்த போனை வச்சுக்க. இதுல வேணாம்."

சதாம் தலையாட்டிவிட்டுப் புது போனோடு கிளம்பினான். வினோதன் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான்.

படங்களைத் தனியாகப் பிரித்தெடுக்கும்போது, அவளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் அந்த ரெக்கார்டிங்கை அவன் முந்தின நாள் போட்டுக் கேட்டான். கோகுலனின் சிரிப்பு அதில் இருந்தது. அதன் பிறகு லோரியின் சத்தம் இருந்தது. அதற்கும் பிறகு, அவள் வாசலில் பார்சல்காரனோடு பேசி முடிக்கும் வரைக்கும், "மோனா... மோனா... போனை எடு மோனா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்த குரலும் இருந்தது.