சேசுராஜின் நாக்கு

"செஞ்சிக் கோட்டைய எத்தினியோ ராஜா புடிச்சான், எத்தினியோ ராஜா வுட்டான். ஆனா பால்ல தண்ணி ஊத்தி இந்த சேசுராஜ் நாக்க ஏமாத்துனவன் இன்னும் பொறக்கல!"

பால் சங்கத்து வாசலில் கேன்களோடு நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான் சேசுராஜ். சங்கத்தில் பாலைச் சோதித்து வாங்குவது அவன்தான். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரும் இருந்தது. அது அவனுக்கு இரண்டாவது சாட்சி. முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தீர்ப்பு சொல்லிவிடுவான். மீட்டரும் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொள்ளும்.

"மழ பேஞ்சுது சேசு. கேன் மூடி தொறந்து கெடந்துது" என்றாள், தண்ணீர்ப் பால் என்று தீர்ப்பு வாங்கிய ரத்தினம்மாள்.

"இன்னா யக்கா, ஊரே காயுது. மழ ஒங் கேன்ல மட்டும் பேஞ்சிதா?"

கேன் திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம், செஞ்சியில் பல் டாக்டர் சுமலதாவைப் பார்த்துவிட்டு, ஒன்றரை வயது ஷெர்லியை இடுப்பில் சுமந்தபடி வந்தாள் அவன் மனைவி ஜாஸ்மின்.

"பாப்பாவுக்கு மேல்பல்லு நாலுலயும் ஈறு ஓரம் வெள்ளக் கோடு. சொத்தை ஆரம்பமாம். இப்பிடியே வுட்டா கறுத்து ஒடஞ்சு பூடுமாம்."

"ஒரு முட்டாயி கூட வாங்கிக் குடுத்ததில்லியே?"

"பால் பாட்டிலுதானாம். வாயில வச்சிக்கினே தூங்குது இல்ல? அந்தச் சக்கரப் பாலு பல்லு மேலயே நிக்குதாம்."

"விழப்போற பல்லுக்கு ஒரு டாக்டரு, ஒரு பஸ்ஸு!"

"விழுற வரிக்கும் வலிச்சா நீங்களா மென்னு குடுப்பீங்க? அடியில வர்ற பல்லும் கோணிக்குமாம்."

"சரி, அதுக்கு இன்னா பண்ணணுமாம்?"

ஜாஸ்மின் தயங்கினாள். "சக்கரைய நிறுத்தணும். பல்லு தொடச்சி வுடணும். பால பகல்ல டம்ளர்ல குடுக்கணும். படுக்கிறப்ப பாட்டில்ல வெறும் தண்ணிதான். ஒரேடியா மாத்துனா கத்தும். அதனால தெனம் ஒரு மூடி பாலக் கொறச்சி ஒரு மூடி தண்ணி சேக்கச் சொன்னாங்க. பாட்டிலுக்குப் பன்னண்டு மூடி. பன்னண்டு நாளு."

சேசுராஜ் எழுந்தே நின்றுவிட்டான்.

"பால்ல தண்ணியா? என் வூட்லயா? காலைலதான் ரத்தினம்மா கேனத் திருப்பி அனுப்பியிருக்கேன். தெரிஞ்சா சங்கமே கைகொட்டிச் சிரிக்கும்!"

"பாப்பா பல்லுங்க..."

"அவளுக்கு என் நாக்குடி! ஒரு சொட்டு ஊத்துனாலும் மூஞ்சில துப்புவா. நீ திருட்டுத்தனமா ஊத்திடக் கூடாது. இனிமே தெனம் நாந்தான் ருசி பாத்துக் குடுப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஷெர்லி சிரித்தபோது, அவள் மேலுதட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தான். கேனுக்குள் தூசி தேடும் அதே பார்வை.

மறுநாள் ஜாஸ்மின் துணிந்துவிட்டாள். சர்க்கரை போடவில்லை. ஒரு மூடி பாலைக் குறைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு மூடி ஊற்றி, பாட்டிலை அடுப்பு மேடையில் வைத்தாள். சேசுராஜ் அடுப்படிக்குள் போனான்.

வெளியே வந்தவனின் மீசை ஓரம் வெள்ளையாக இருந்தது.

"பாலுன்னா இது பாலு. ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

ஷெர்லியும் துப்பவில்லை. குடித்தாள், தூங்கினாள்.

இரண்டாம் நாள் இரண்டு மூடி. ஃபர்ஸ்ட் கிளாஸ். மூன்றாம் நாள் மூன்று மூடி. மீசையைத் துடைத்துக்கொண்டு அதையேதான் சொன்னான். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் ஜாஸ்மின். நான்காம் நாள் அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. ஊரே நடுங்கும் நாக்கு, இப்படிச் செத்துப்போய்விட்டதே! வெளியே தெரிந்தால் சங்கத்தில் யார் மதிப்பார்கள்?

ஐந்தாம் நாள் ஷெர்லி பாதியிலேயே பாட்டிலைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மிச்சத்தை வாயில் விட்டுப் பார்த்தாள் ஜாஸ்மின். அவள் ஊற்றியது ஐந்து மூடி தண்ணீர்தான். இதுவோ பால் குண்டான் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"இன்னாங்க, நம்ம வூட்டுக்கு யார் பாலு வருது?"

"ரத்தினம்மாளுது. அன்னிக்கித் திருப்பி அனுப்புனதுலருந்து சுத்தத் தங்கம்."

"நல்லாப் பாத்துதான் வாங்குனீங்களா?"

"என்னியவே கேக்கிறியா நீ?"

ரத்தினம்மாள் மறுபடி வேலையைக் காட்டுகிறாள், இவருக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள் ஜாஸ்மின்.

ஆறாம் நாள் அதைச் சோதித்துவிட முடிவு செய்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் பாட்டிலை நிரப்பினாள். வைக்கும் முன் ருசி பார்த்தாள். கெட்டியான பால். ரத்தினம்மாள் மேல் தப்பில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அடுப்படிக் கதவு இடுக்கில் மறைந்து நின்றாள்.

சேசுராஜ் வந்தான். முன்னும் பின்னும் பார்த்தான். ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடினான். முகம் சுருங்கியது.

"ஜாஸ்மினு இன்னிக்கி ஊத்த மறந்துட்டா போல" என்று முணுமுணுத்தான்.

பிறகு பாட்டிலைத் திறந்து, பால் முழுவதையும் தானே குடித்து முடித்து, தண்ணீர்ச் சொம்பைச் சத்தமில்லாமல் சாய்த்து, மூடி மூடியாக எண்ணி ஊற்றத் தொடங்கினான். "அவுளுது ஆறு... என்னுது ஆறு..."