அணில் மாப்பிள்ளை

"ஏட்டி அக்சா, அவன் பேரைப் போட்டா ஒண்ணுமே வரலையே! கூகுள்ல இல்லாதவன் ஊருக்குள்ள இருப்பானா?"

சத்தியநேசன் மாமா போனை மேசையில் டொக்கென்று வைத்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் வைத்திருப்பவர். அக்கா மகளுக்கு வருகிற வரன்களைச் சலித்தெடுப்பது அவர் தானாகவே எடுத்துக்கொண்ட வேலை. போன தடவை வந்தவன் துபாயில் மேனேஜர் என்று புளுகியதைக் கண்டுபிடித்ததே அவர்தான். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காட்டுல ஆராய்ச்சி பண்ணுதானாம். தேடினா ஒரு சமையல்காரரும் ஒரு கிரிக்கெட்காரரும்தான் வாராக. ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்னு இப்பவே சொல்லிருதேன்."

அக்சா சட்டென்று அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தரகர் காட்டிய போட்டோவிலேயே ஜெபினை அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதை மாமாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"அவசரப்படாதீங்க மாமா. மருந்துக் கடையில போய் மம்பட்டி கேட்டா கிடைக்குமா? ஆராய்ச்சிக் கட்டுரை தேடுததுக்குன்னே தனித் தளம் இருக்கு."

காலேஜ் நூலகர் அல்லவா? தன் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்து தேடினாள்.

வந்தது பாருங்கள்! சாம்பல் நிற அணில் எப்படிக் கூடு கட்டுகிறது, என்ன தின்கிறது, எந்த மரத்தில் தூங்குகிறது என்று வரிசையாகக் கட்டுரைகள். ஓரத்தில் பைனாகுலரும் கையுமாக ஜெபின் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அணிலைப் பாக்கதுக்கா சம்பளம் குடுக்கான்?" மாமா வாயைப் பிளந்தார். "சரி, ஆளு நெசந்தான். வரட்டும். ஆனா ஒண்ணு, பார்த்த உடனே தலையை ஆட்டிராத. யோசிச்சுச் சொல்லுதோம்னு கெத்தா இருக்கணும்."

"நான் என்ன அலையுதேனா மாமா?" என்றாள் அக்சா.

அந்த வாரம் முழுக்க அவள் கட்டுரைகளைச் சரிபார்த்தாள். பஸ்ஸில் சரிபார்த்தாள், சாப்பிடும்போது சரிபார்த்தாள், துணி காயப்போடும்போதும் சரிபார்த்தாள். எதைச் சரிபார்த்தாளோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கையில் நிச்சயப் பட்டு, மோதிரம். கூடவே ஜெபம் பண்ணிவைக்கப் போதகர் ஐயா வேறு!

மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொண்ணு பாக்கத்தானே வரச் சொன்னோம்? எங்க பிள்ளை இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை. அதுக்குள்ள யாரைக் கேட்டு நிச்சயத்துக்கு வந்தீங்க?"

ஜெபின் தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்து நீட்டினான்.

"கோவப்படாதீங்க மாமா. அந்தத் தளத்துல யார் நம்ம கட்டுரையைத் திறந்தாலும், எழுதினவனுக்குப் பேரோட தகவல் வந்துரும். இந்த வாரம் பூரா அக்சா, அக்சா, அக்சான்னு போன் ஓயலை. இப்ப நாங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதுகூட ஒண்ணு வந்துச்சு!"