தானாகப் போன பாசி

நிமோனியா காய்ச்சலில் கிடந்த அவள் கணவனுக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. கட்டிலருகே அவன் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது.

தொட்டி கழுவ வந்தவர் வாயைப் பிளந்தார். "ஏம்மா, எவ்வளவு சுரண்டியும் போகாத செவப்புப் பாசி எங்கே போச்சு?"

"தானாவே போயிடுச்சுண்ணே. வீட்டுல அது ஒண்ணுதான் நல்ல சேதி."

"தானா போற சனியனா அது? பாக்கத்தான் பாசி, உள்ளுக்குள்ள கிருமி. காய்ச்சலுக்குக் குடுக்கிற ஆன்டிபயாடிக்கைக் கரைச்சாத்தான் ஒழியும். எதைப் போட்டீங்க?"

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். வேளாவேளைக்கு அவன் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தவள், விழுங்கியதை நின்று பார்த்ததில்லை.

"என்னங்க, மாத்திரையெல்லாம் எங்கே?"

நீலம் பாரித்த உதட்டோடு அவன் சிரித்தான். "கோவிச்சுக்காதே. பாசி மூடி, பவளத்துக்கெல்லாம் மூச்சு முட்டிச்சு, பாவம்."