பைத்தானா, சி பிளஸ் பிளஸ்ஸா?

"ரெண்டு விண்மீன் மண்டலம் மோதறதைக் கம்ப்யூட்டர்ல காட்டணும். பைத்தான்ல புரோகிராம் எழுதுனா மோதி முடிக்கறதுக்குள்ள நமக்கு நரைச்சிடுங்க!" என்றாள் யுவராணி.

"சி பிளஸ் பிளஸ்ல எழுதுனா தப்பைத் தேடியே நரைச்சிடுங்க!" என்று சிரித்தான் மாதேஷ்.

பாப்பிரெட்டிப்பட்டியில் இப்படி மல்லுக்கட்ட ஓர் ஆள் கிடைத்ததில் யுவராணிக்குத் தலைகால் புரியவில்லை.

"சரிங்க, கணக்கு சி பிளஸ் பிளஸ்ல ஓடட்டும். படம் காட்டறது மட்டும் பைத்தான்ல" என்று இறங்கி வந்தான் மாதேஷ்.

"அப்படி வாங்க வழிக்கு!"

கதவு தட்டப்பட்டது. வெளியே அப்பா பச்சியப்பனின் குரல்.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க, கண்ணு. தனியாப் பேசினது போதும். பையனைப் புடிச்சிருக்கா?"

யுவராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"புடிச்சிருக்குப்பா!" என்று கத்தினாள்.

மாதேஷ் மெல்லக் கேட்டான். "என்னையாங்க, நான் சொன்ன வழியையாங்க?"

"ரெண்டையுந்தாங்க!"